பதினொன்றாம் லைன் துளசிமணி போட்ட கம்ப்யூட்டர்

செப்டம்பர் 7, ஞாயிறு

கம்பெனியில் ஜனவரி மாதம் கொடுத்த டைரி இத்தனை நாளும் மிக்சிக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தது. இன்று எடுத்துத் துடைத்தேன். வீட்டில் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன், எழுதி வைத்தால் பின்வாங்க மாட்டேன் என்று ஒரு நம்பிக்கை.

விஷயம் இதுதான். சம்யுக்தா, என் ஒரே பெண், காலேஜில் இரண்டாம் வருடம். அவள் காலேஜில் கம்ப்யூட்டர் கேமுக்கு டீம் எடுக்கிறார்கள். ஐந்து பேர். மற்ற காலேஜ்களோடு மோத வேண்டும். செலக்‌ஷன் அக்டோபர் 5, காலை பதினொரு மணி. அவரவர் வீட்டில் அவரவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆட வேண்டும், பிறகு தினமும் பிராக்டிஸும் அப்படித்தான். சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் பெயர் கொடுக்க வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டாராம். இவள் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இதுவரை கேமிங் சென்டரில் மணிக் கணக்கில் காசு கட்டி ஆடியவள்.

"இல்லாத கம்ப்யூட்டருக்கு எப்படிப் பேரு குடுத்தே சாமி?" என்று அவர் கேட்டார். அவர் என்றால் என் வீட்டுக்காரர், குழந்தைவேலு. பனியனுக்கு லேபிள் அடிக்கிற யூனிட்டில் இருக்கிறார். சம்யு தோசையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறப்பதே அபூர்வம். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன் என்று அவர் சொல்லுவார்.

"நான் போட்டுத் தர்றேன். என்ற சீட்டுப் பணம் இந்த மாசம் விழுகுது. அறுபத்தஞ்சாயிரத்துக்குள்ள முடிச்சுக் காட்டறேன்" என்றேன்.

"உனக்கு அதைப்பத்தி என்ன தெரியும்?"

இருபத்தைந்து வருடமாக பனியன் கம்பெனியில் இருக்கிறேன். அதில் ஏழு வருடம் பதினொன்றாம் லைனுக்கு சூப்பர்வைசர். நான் சத்தம் போட்டால் ஒன்பதாம் லைனில் மிஷின் வேகமாக ஓடும். என்னைப் பார்த்து என்ன தெரியும் என்கிறார்.

செலக்‌ஷன் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பத்தாவது படிக்கும்போது மாவட்டக் கபடி செலக்‌ஷனுக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கிறேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. மாவு ஆட்ட வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அவர் தனக்குத் தெரிந்த கடையில் ஒரு கொட்டேஷன் வாங்கி வந்துவிட்டார். பெரிய கிராபிக்ஸ் கார்டு, பன்னிரண்டு ஜிபி. கண்ணாடி போட்ட கேபினெட், உள்ளே ஏழு கலரில் லைட். கல்யாண மண்டப வாசல் தோற்றது. ஆனால் ப்ராசசர் பழைய காலத்து நான்கு கோர். பவர் சப்ளைக்கு நேராகக் கம்பெனிப் பெயரே இல்லை, வெறுமனே "லோக்கல்" என்று இருந்தது.

"கார்டுதாம்மா முக்கியம்" என்றாள் சம்யு. இன்றைக்கு அவள் பேசிய ஒரே வாக்கியம். கண் அந்தப் பன்னிரண்டிலேயே நின்றது.

எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அதுதான் எரிச்சல். யோசித்துச் சொல்கிறேன் என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 10, புதன்

புளி கரைத்துக்கொண்டே போனில் மூன்று வீடியோ பார்த்தேன். ராம் என்றால் என்னவென்று புரிந்தது. ரசத்துக்கு உப்புப் போட மறந்தது.

செப்டம்பர் 13, சனி

புரிந்துவிட்டது. என் லைனிலேயே புரிந்தது.

போன மாதம்தான் நிர்வாகம் எங்களுக்குப் புது பிளாட்லாக் மிஷின் இறக்கியது, கை மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும். ஜப்பான் சரக்கு, பறக்கும். இன்று ஓவர்லாக்கில் இரண்டு டைலர் லீவு. அவர்கள் தோள் மூட்டி, கை ஏற்றிக் கொடுத்தால்தானே பிளாட்லாக்குக்கு வேலை? பீஸ் வரவில்லை. பிளாட்லாக் டைலர் வளர்மதி அந்த விலை உயர்ந்த மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து நகத்தில் மருதாணியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பீஸ் வந்தாத்தானுங்க்கா தைக்க முடியும்" என்றாள். நியாயம்.

அப்போது பார்த்து சம்யு நான் மறந்து வந்த டிபன் பாக்ஸைக் கொண்டுவந்தாள். கையைப் பிடித்து நேராக அங்கே இழுத்துப் போனேன்.

"பாரு. இந்தப் புது மிஷின்தான் உங்கொப்பன் சொன்ன பெரிய கார்டு. அந்தக் காலி ஸ்டூலு ரெண்டும் நாலு கோர் ப்ராசசர். ப்ராசசர் வேலையை ரெடி பண்ணிக் குடுத்தாத்தான கார்டு படத்தைப் போடும்? அது வரைக்கும் கார்டு மருதாணி சுரண்டீட்டு உக்காந்திருக்கும்."

வளர்மதி சட்டென்று கையை மறைத்தாள். சம்யு சிரித்துவிட்டாள். நான் அவள் சிரித்துப் பார்த்து நாளாகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

நானே லிஸ்ட் போட்டேன். பெருமையாக மேசையில் வைத்தேன். எட்டு கோர் ப்ராசசர், அதற்கு ஏற்ற போர்டு, எட்டு ஜிபி கார்டு, கேமை எல்லாம் சேமித்து வைக்க எஸ்எஸ்டி, நல்ல பவர் சப்ளை, மிச்சக் காசுக்கு ஒரு மானிட்டர்.

சம்யு பென்சிலை எடுத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு மானிட்டரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"இது செகண்டுக்கு அறுபது படம்தாம்மா காட்டும். இந்தக் கார்டு நான் ஆடற கேம்ல நூத்தி இருபதுக்கு மேல குடுக்கும். பாதி வீணு."

"அதனால என்ன?"

"உங்க லைன்ல ஒரு நாளைக்கு ஆயிரத்து எரநூறு பீஸ் எடுத்து, லாரியில அறநூறுதான் புடிக்கும்னா?"

மூக்கு உடைந்தது. ஆனால் உடைத்தது யார், என் பெண். அவளே திருத்தினாள்: நான் கெத்துக்காக எட்டு கோர் போட்டிருந்தேன், அவள் ஆறு கோர் போதும் என்று இறக்கினாள். அந்த மிச்சத்தில் நூற்று நாற்பத்து நாலு காட்டுகிற மானிட்டர் வந்துவிட்டது. ராமை பதினாறு ஜிபி ஒரே குச்சியாக எழுதியிருந்தேன். எட்டும் எட்டுமாக இரண்டு குச்சி என்று மாற்றினாள், ஒரே ஆள் இரண்டு கையாலும் வேலை செய்கிற மாதிரியாம்.

இப்போது எதுவும் எதற்காகவும் காத்து நிற்காது. இந்த லிஸ்டை எந்த இன்ஜினீயரிடமும் தைரியமாகக் காட்டுவேன். அவரிடம் காட்டினேன். "லைட்டு எங்க?" என்றார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் கோயம்புத்தூர். காந்திபுரத்தில் ஒரு கடை, சம்யு விசாரித்து வைத்திருந்தது. கடைக்காரர் நல்ல மாதிரி. லிஸ்டை முழுதும் படித்துவிட்டு, "யாருங்க போட்டது?" என்று கேட்டார்.

"நாங்கதான்" என்றேன். நான்தான் என்று சொல்ல வாய் வந்தது, பக்கத்தில் சம்யு நின்றாள்.

"நல்லா இருக்குதுங்க. பவர் சப்ளை மட்டும் கொஞ்சம் கம்மியா எடுத்துட்டு கார்டை ஒரு படி ஏத்திக்கலாமுங்களே? நெறையப் பேரு அப்படித்தான் பண்றாங்க."

"எங்க கம்பெனியில ஜெனரேட்டர் மாத்தறப்ப வோல்டேஜ் எகிறி ஒரே நாள்ல ஒம்பது மோட்டார் போச்சுங்க. கரண்டுல மட்டும் நான் மிச்சம் புடிக்க மாட்டேன்."

கடைக்காரர் நான் கேட்ட பவர் சப்ளையையே எடுத்து வைத்தார். கேபினெட்டில்தான் ஒரு சின்னச் சண்டை. கண்ணாடிக் கேபினெட் ஒன்றின் முன்னால் சம்யு நின்றுவிட்டாள். ஊதா லைட், எனக்கே பிடித்திருந்தது. ஆனால் அதை எடுத்தால் எஸ்எஸ்டியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். "லைட்டு உனக்காக வெளையாடாது கண்ணு" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, முன்பக்கம் வலை போட்ட, காற்று நன்றாகப் போகிற கறுப்புப் பெட்டியை எடுத்தாள். பஸ்ஸில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு அவினாசி வரைக்கும் ஒருத்தரையும் இடிக்க விடவில்லை நான்.

செப்டம்பர் 24, புதன்

பெட்டிகள் பீரோ மேல் இருக்கின்றன. இன்றைக்கே மாட்டிவிடலாமே என்கிறார் அவர். புது வேலையை விஜயதசமியில்தான் தொடங்குவேன் என்று சொல்லிவிட்டேன். செலக்‌ஷனுக்கு இடையில் மூன்று நாள் இருக்கிறதே, தாராளம்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

காலையில் கம்பெனி பூஜை. என் லைனில் ஒவ்வொரு மிஷினையும் எண்ணெய் பிசுக்குப் போகத் துடைக்க வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி, பூசணிக்காய் உடைத்து, பொரி சுண்டல் கொடுத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. சுற்றிப் பார்த்த மேனேஜர் பதினொன்றாம் லைன்தான் லட்சணமாக இருக்கிறது என்றார். பின்னே?

சாயங்காலம் வீட்டில். அவருடைய டிவிஎஸ், என் கத்தரிக்கோல், மிக்சி, கிரைண்டர் எல்லாம் வரிசையாக. நடுவில் வெள்ளைப் பனியன் துணி விரித்து, கம்ப்யூட்டர் சாமான்களை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தேன். மாட்டுவதற்கு முன்னால் இப்படித் தனித்தனியாக ஆசீர்வாதம் வாங்கிக்கொள்ள எந்தக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது? சம்யு கோயிலுக்குப் போயிருந்தாள், நானே பொட்டு வைத்தேன். சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்துக்கொண்டேன். கேபினெட்டுக்கு நெற்றியில், கார்டுக்கு விசிறி நடுவில். ராம் குச்சிகள்தான் எல்லாவற்றிலும் அழகு. ஒரு ஓரம் முழுக்கப் பட்டுப் புடவைக் கரை மாதிரி தங்க நிறத்தில் பல் பல்லாக இருந்தது. அந்தக் கரையிலேயே வைத்தேன், இரண்டுக்கும் மும்மூன்று பொட்டு.

ஒன்றையும் விடவில்லை. மனசு நிறைந்திருக்கிறது.

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

நல்ல நேரம் பார்த்து ஆரம்பித்தோம். வெள்ளைத் துணி லைனில் பூஜைக்கு மறுநாள் பொட்டுக் கறை பட்டால் பீஸ் ரிஜெக்ட், அதனால் எல்லாவற்றையும் நானே காய்ந்த துணியால் துடைத்துக் கொடுத்தேன். சம்யு வீடியோவைப் பார்த்துப் பார்த்து மாட்டினாள். எவ்வளவு பொறுமை அவளுக்கு! ஒரு திருகு கீழே விழவில்லை. ஒயர்களை நான் பின்பக்கமாக இழுத்துக் கட்டினேன், நூல் பிசிறு வெட்டின கை அல்லவா.

சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது. கைதட்டினேன். மானிட்டரில் எதுவும் வரவில்லை.

கேபிளை மாற்றினோம், கார்டைக் கழற்றி மாட்டினோம், மானிட்டரை டிவியின் செட்டாப் பாக்ஸில் சொருகிப் பார்த்தோம். மானிட்டர் நன்றாக இருக்கிறது. கம்ப்யூட்டர்தான் உயிரோடு சுற்றிக்கொண்டு ஒன்றும் பேச மாட்டேன் என்கிறது.

"நான் சொன்ன செட்டை வாங்கியிருந்தா கடைக்காரனே மாட்டிக் குடுத்திருப்பான்" என்றார் அவர். ஒரு தடவை சொன்னால் போதாதா, மூன்று தடவை.

அக்டோபர் 3, வெள்ளி

கடைக்குப் போன் செய்தேன். எடுத்ததும் சத்தம் போட்டேன், பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று. பாவம், அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பூஜை லீவுங்க்கா, பசங்க யாருமில்லீங்க. திங்கக்கெழமை கொண்டாந்தீங்கன்னா ஒடனே பாத்துத் தந்தர்றனுங்க" என்றார். திங்கட்கிழமை வைத்து நான் என்ன செய்ய? செலக்‌ஷன் ஞாயிற்றுக்கிழமை.

தெரிந்த மெக்கானிக்குகளும் ஊருக்குப் போய்விட்டார்கள். சம்யு அழவில்லை, கோபப்படவில்லை. கறுப்புப் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உப்புமா கிண்டிக் கொடுத்தேன். தொடவில்லை.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்மா" என்றாள்.

அந்த வார்த்தையை எனக்குத் தெரியும். கபடி செலக்‌ஷனுக்குக் கிளம்பின என்னைத் திருப்பி அழைத்துப்போக எங்கப்பா பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னது. அடுத்த வருடம் நான் கம்பெனியில் பனியனுக்குக் கை மடித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 4, சனி

ஷிப்மென்ட் இருந்ததால் எங்கள் லைன் மட்டும் ஓடியது. எனக்கு இருந்த எரிச்சலுக்கு வளர்மதி வந்து மாட்டினாள். அவள் மிஷினில் தையல் விட்டு விட்டு விழுந்தது. மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நூல் இழுவையைப் பிடிக்கிற தட்டு இரண்டுக்கும் நடுவில் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது.

"வருசா வருசம் பூஜை முடிஞ்சா ரெண்டு மிஷினாச்சும் இப்படி வருதுங்க்கா. மேல தொடச்சுருவாங்க, உள்ள போனது உள்ளயே காஞ்சுக்கும்."

பிடித்துக்கொண்டேன் வளர்மதியை. "பொட்டு வைக்க உனக்கு வேற எடமே இல்லியா? நூலு ஓடற எடத்துலயா கொண்டு போயி அப்புவாங்க? மூளைன்னு ஒண்ணு இருக்குதா? முக்கியமான எடம் எது, சும்மா எடம் எதுன்னு பாத்து வைக்கத் தெரியாத..."

ராம் குச்சிகளில் நான் மும்மூன்றாக வைத்த பொட்டு நினைவுக்கு வந்தது. தங்கக் கரை கண் முன்னால் வந்து நின்றது. லைன் முழுக்க என்னையே பார்த்தது. வளர்மதி கண் கலங்கி, "என்னாச்சுங்க்கா?" என்றாள். திட்டு வாங்கினவளே கேட்கிறாள்.

தலைவலி என்று பர்மிஷன் போட்டுவிட்டு ஆட்டோவில் வந்தேன்.

சம்யுவிடம் எதுவும் விளக்கவில்லை. "அந்த ராம் ரெண்டையும் கழட்டு" என்றேன். கழற்றினாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பல்லுக்குப் பல் மஞ்சளாக ஒரு ஏடு. அவள் மூக்கருகே கொண்டுபோனாள். பன்னீர் வாசனை அவளுக்குத் தெரியாதா? என்னையும் குச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து வந்து, ஒரு குச்சியை என்னிடம் கொடுத்துவிட்டு இன்னொன்றைத் தானே தேய்க்க ஆரம்பித்தாள். எதிரெதிரே உட்கார்ந்து தேய்த்தோம். ரப்பர் மஞ்சளானது. போர்டில் அது உட்காருகிற இடுக்கைச் சின்ன பிரஷ்ஷால் சுத்தம் செய்தாள்.

சுவிட்சைப் போட்டதும் மானிட்டரில் வெள்ளை எழுத்து வந்தது. ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டே கைதட்டினேன்.

அவர் வந்ததும் என்ன பழுது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சம்யு, "ராம் சரியா உக்காரலப்பா. நாந்தான் அழுத்தாம உட்டுட்டேன்" என்றாள்.

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். புரட்டாசி சனிக்கிழமை என்பதால் கத்தரிக்காய்ச் சாம்பார்.

அக்டோபர் 5, ஞாயிறு

பதினொரு மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கால் கிலோ போதும், ஒரு கிலோவையும் உரித்துவிட்டேன். அவர் பேப்பரை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பத்து நிமிடம் உள்ளேயிருந்து மவுஸ் சத்தம் மட்டும். அப்புறம் ஒரு பெண் குரல் எழுந்தது பாருங்கள்!

"கதிர், அங்க எதுக்கு சும்மா நிக்கறே? எடப்பக்கம் காலியாக் கெடக்குது, ஓடு! பிரவீன், நீ முன்னாடி போயிட்டீன்னா பின்னாடி யாரு கவர் குடுப்பா? நில்லு. சேந்து போலாம். ம், இப்ப! இப்ப!"

யார் வீட்டுப் பெண் இப்படிக் கத்துகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். என் வீட்டுப் பெண். பத்தொன்பது வருடமாக எண்ணி எண்ணிப் பேசியவள் நான்கு பையன்களை ஓட ஓட விரட்டுகிறாள், அவர்களும் சரி சரி என்று ஓடுகிறார்கள். அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்படியே நீதான்" என்றார். திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று யோசிக்க நேரமில்லை.

இடையில் ஒரு முறைகூடக் கம்ப்யூட்டர் திணறவில்லை, சூடாகவில்லை, நிற்கவில்லை. கதவில் காதை வைத்து விசிறிச் சத்தம் கேட்டேன், ஒரே சீராக ஓடியது. கடைசியில் அந்த சார் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "சம்யுக்தா, டீம்ல யாரு எங்க போகணும்னு சொல்றதுக்கு ஒரு ஆளைத் தேடிட்டு இருந்தேன். நீயே கேப்டனா இரும்மா. இப்படிப் பேச எங்க கத்துக்கிட்டே?"

"எங்க வீட்ல பேசறதே இப்படித்தானுங்க சார்" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே வெங்காயம்தான் என்று அவரிடம் சொன்னேன்.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் டீ டயத்துக்கு மிஷின்களை நிறுத்தியதும் வளர்மதி பக்கத்தில் போய் நின்றேன். ஏழு வருடத்தில் இந்த லைனில் நான் தப்பு என்று ஒப்புக்கொண்டதில்லை. அதில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு.

"சனிக்கெழமை உன்னயத் திட்டுனதை மனசுல வெச்சுக்காதே" என்றேன். "நீ வெச்ச அதே பொட்டைத்தான் நானும் வெச்சேன். எம் புள்ளையோட கம்ப்யூட்டர்ல. மூணு நாளு ஓடல."

லைன் முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன். கேப்டன் ஆன கதையையும் சேர்த்தே சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே, ஒன்பதாம் லைனுக்கும் கேட்கிற மாதிரி. நேற்று இரவே அவரிடமும் உள்ளதைச் சொல்லியாகிவிட்டது. "எனக்கு வாசனையிலயே தெரியும்" என்கிறார், நம்புகிறேனா என்ன.

வளர்மதி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "என்னைய நீங்க அத்தனை பேரு முன்னாடி கிழிச்சீங்க. உங்களை உங்க புள்ள என்னங்க்கா சொல்லுச்சு?"

"ஒண்ணுமே சொல்லலை. ரப்பரை எடுத்துக் கையில குடுத்துச்சு. அவங்கொப்பன் கேக்கறப்ப தப்பைத் தன்மேல போட்டுக்குச்சு."

சொல்லும்போதே எனக்கு முழுதாக உறைத்தது. சத்தம் போடுவதை அவள் என்னிடம் கற்றிருக்கலாம். இதை அவள் என்னிடம் கற்கவில்லை. இருபத்தைந்து வருடமாக எத்தனையோ சூப்பர்வைசர்களிடம் இருந்திருக்கிறேன், நானும் ஒருத்தி. தப்புச் செய்தவளுக்கு எதிரில் உட்கார்ந்து கூடவே தேய்த்த ஆளை நேற்று முன்தினம்தான் பார்த்தேன்.

"நல்ல கேப்டன்தானுங்க்கா" என்றாள் வளர்மதி.

பெல் அடித்தது. அவள் மிஷினில் நூல் கோக்க நானே உட்கார்ந்தேன்.